பெரியப்பாவின் ஃபியட்டுக்கு டர்போ

ஒரு பழைய காருக்குப் புது எஞ்சின் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்வியில் எங்கள் குடும்பம் ஒன்றரை வருடம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து கிடந்தது. மாந்தோப்பைப் பாகம் பிரித்தபோதுகூட இவ்வளவு பேச்சு நடக்கவில்லை. தோப்புக்கு அளவு உண்டு, கயிறு பிடித்து அளந்துவிடலாம். காருக்கு அப்படி இல்லை. அது எங்கே முடிகிறது, அதற்குள் இருக்கும் மனிதர் எங்கே தொடங்குகிறார் என்று சொல்ல முடியாது.

கார், 1968 மாடல் ஃபியட் 1100 டிலைட். உரிமையாளர், என் பெரியப்பா. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், நகரிக்குப் பக்கத்தில் உள்ள விஜயபுரத்தில் டாக்டராக இருந்தவர். மதராசில் ஒரு சினிமா விநியோகஸ்தரிடமிருந்து 1974-ல் இரண்டாம் கையாக வாங்கினார். புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ராத்திரியில் பிரசவ வலி என்று ஆள் வந்தால் பெரியப்பா காத்திருக்க முடியாது. பழையதானாலும் கையில் இருக்கும் வண்டியே வண்டி என்று வாங்கிவிட்டார்.

விஜயபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது பக்கத்துப் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. நாங்கள் அப்போதும் சித்தூரிலேயே நின்றோம். எல்லைகள் எங்களைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். பெரியப்பாவின் கார் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போய்வந்தது. திருத்தணியில் ஒரு நோயாளி, நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தில் ஒரு நோயாளி, திரும்பும் வழியில் ஒரு கூடை மாம்பழம்.

2019-ல் பெரியப்பா காலமானார். கார் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. மாடு இல்லாத கொட்டகை. நாலு வருடம் அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் அவருடைய கடைசி மகன், என் தம்பி, சென்னையிலிருந்து ஒரு யோசனையோடு வந்தான். அவன் ஆட்டோமொபைல் எஞ்சினியர். யோசனையை ஒரே வரியில் சொன்னான்: "அக்கா, உள்ளே ஒரு டர்போ டீசல் போட்டுடலாம்."

அவன் மனதில் இருந்த எஞ்சின் சாதாரணமானதல்ல. 1.3 லிட்டர் மல்ட்டிஜெட். 1,248 சி.சி. ஃபியட்டின் இன்னொரு குழந்தை, 2003-ல் வெளிவந்தது. பிறகு இந்தியாவில் மாருதி ஸ்விஃப்ட், டாட்டா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ, லீனியா என்று ஏகப்பட்ட கார்களுக்குள் அதுவே உட்கார்ந்தது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று கார்க்காரர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள். 2020-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது அதன் காலம் முடிந்தது. ஆனால் விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து கழற்றியவை சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். "ரெண்டும் ஃபியட்தான் அக்கா. ரத்தம் ஒண்ணு. உடம்பு ஏத்துக்கும்" என்றான் தம்பி.

அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. பெரியப்பா காரின் எஞ்சின் 1,089 சி.சி. சுமார் 40 குதிரைசக்தி. அவன் சொன்ன எஞ்சின் 75. இழுவிசை இரண்டு மடங்குக்கு மேல். டீசல் செலவும் குறைவு.

டர்போ என்பது என்ன மாயம் என்று கேட்பவர்களுக்கு: எஞ்சின் வெளியே விடும் புகையில் வீணாகிப்போகும் சூடும் வேகமும் நிறைய. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்ற வைக்கிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரியலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி நிற்கிறது. ஆல்ஃப்ரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றார். நம் வீட்டுக் கார்களுக்கு வந்து சேரத்தான் அது நூறு வருடம் எடுத்துக்கொண்டது.

இத்தாலியில் இது ஒரு பழைய பித்து. அங்கே 1957-ல் வந்த ஃபியட் 500 என்ற குட்டிக் கார் 479 சி.சி., 13 குதிரைசக்தி. இரண்டு பேர் ஏறி மேட்டில் போனால் பரிதாபமாக இருக்கும். கார்லோ அபார்த் என்ற மனிதர் இப்படிப்பட்ட சின்ன ஃபியட்களை முடுக்கிவிட்டே பெயர் வாங்கினார். 1971-ல் அவருடைய கம்பெனியை ஃபியட்டே வாங்கிக்கொண்டது. 1985-ல் ஃபியட் ஊனோ டர்போ வந்தது. 1,301 சி.சி., 105 குதிரைசக்தி. அதற்குப் பிறகு ஐரோப்பியப் பட்டறைகளில், நொறுங்கிய ஊனோவிலிருந்து அந்த எஞ்சினைக் கழற்றிப் பழைய குட்டி ஃபியட்களுக்குள் நுழைக்கும் கலை வளர்ந்தது. 13 இருந்த இடத்தில் 105 என்றால் எட்டு மடங்கு. வாசல் வழியாக யானையை அழைத்து வந்து ஊஞ்சலில் உட்கார வைப்பது போலத்தான். ஆனாலும் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

தம்பியின் கட்சியில் அவனும் அவன் நண்பர்களும். எதிர்க்கட்சியில் பெரியம்மா. அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "அது அவர் வண்டி" என்பதோடு சரி. நடுவில் நான். தெலுங்கிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் பத்திரிகைக்கு எழுதுவதும் என் பிழைப்பு. சட்டம், விதி, அரசாணை என்று வந்தால் "அவளைப் படிச்சுச் சொல்லச் சொல்லு" என்பது குடும்ப வழக்கம்.

முதலில் எனக்கு அசல், நகல் என்ற பேச்சே சரியாகப் படவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்கு அசல் மேல் பக்தி இருக்கும், மூடநம்பிக்கை இருக்காது. பெரியப்பாவின் கார் அசலா? ஃபியட் 1100 இத்தாலியில் 1953-ல் வந்தது. மறு வருடமே பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைக் கையில் எடுத்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய கம்பெனி. ஒவ்வொரு பாகமாக உள்நாட்டில் செய்ய ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் பெயரும் மாறியது. முதலில் பிரசிடென்ட், அப்புறம் பத்மினி. ராணி பத்மினி நம் சித்தூர்க்காரி அல்ல, ராஜஸ்தானத்துச் சித்தூர். ஆனால் எங்கள் மாவட்டத்தில் அதைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை.

எஞ்சினின் கதை இன்னும் பழையது. டான்டே ஜியாகோஸா என்ற எஞ்சினியர் 1937-ல் ஃபியட்டுக்காக வடிவமைத்த எஞ்சின் அது. சிலிண்டரின் குறுக்களவு 68 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 75. பெரியப்பாவின் காரிலும் அதே அளவுதான். இத்தாலி 1969-ல் இந்தக் காரை விட்டுவிட்டது. நாம் 2000-ஐ ஒட்டி பத்மினி நிற்கும்வரை விடவில்லை. முசோலினி காலத்தில் பிறந்த எஞ்சின் பம்பாயில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்தது. அந்த டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவானதற்கு 20 வருட ஆயுள் முடிந்தது 2023 அக்டோபரில். பம்பாய்க்காரர்கள் அதற்குக் கண்ணீர் விட்டதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

எஞ்சின் மாற்றுவது பாவம் என்றால் அந்தப் பாவத்தைக் கம்பெனியே செய்திருக்கிறது. 1985-ல் பிரீமியர் 118 என்.இ. வந்தது. உடம்பு ஃபியட் 124, எஞ்சின் ஜப்பானிய நிஸானின் 1,171 சி.சி. 1996-ல் பத்மினிக்கே 1,366 சி.சி. டீசல் எஞ்சின் வைத்து 137 டி என்று விற்றார்கள். அதுவும் இத்தாலிய வடிவமைப்புதான். ஆக, இத்தாலிய உடம்பில் வேறு எஞ்சின் என்பது நம் நாட்டில் புதிதல்ல. இதையெல்லாம் சொன்னபோது தம்பி என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டான்.

அவன் மகிழ்ச்சி நகரி மெக்கானிக் ஷெட்டோடு முடிந்தது.

அந்த மெக்கானிக் பெரியப்பாவின் காரைச் சின்னப் பையனாக இருக்கும்போதிலிருந்து பார்த்தவர். வீட்டில் தெலுங்கு. எங்களிடம் பேசுவது எங்கள் ஊர்த் தமிழ். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு பானெட்டைத் திறந்து, விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். எனக்கு ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இந்தக் காரில் எஞ்சின் நெடுக்காக நிற்கிறது. பின்னால் கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் நீளத் தண்டு, பின்சக்கரம் தள்ளும். தம்பி சொல்லும் எஞ்சின் குறுக்காகப் படுத்து முன்சக்கரத்தை இழுப்பதற்குப் பிறந்தது. அதைத் திருப்பி நெடுக்காக வைக்கலாம். ஆனால் அதன் கியர்பாக்ஸ் கூட வராது. வேறு கியர்பாக்ஸ் தேடி, நடுவில் ஒரு இரும்புத் தகடு கடைந்து இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒரு மயிரிழை நடுமையம் தப்பினால் கிளட்ச் போய்விடும். ஸ்டீரிங்கில் இருக்கும் கியர் போய்விடும், தரையைக் கிழித்துக் கியர் வைக்க வேண்டும். முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட்டும் அதோடு போகும்.

அடுத்தது டீசல் பம்பு. பழைய கார்புரேட்டர் மூச்சு விடுவது மாதிரி பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் புது எஞ்சின் டீசலை வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்திப் பீய்ச்சுகிறது. எப்போது, எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அதற்குச் சீரான மின்சாரம் வேண்டும். இந்தக் காரில் இருப்பது டைனமோ. எனவே ஒயரிங் முழுக்க மாற வேண்டும். டர்போ அழுத்திய காற்று சூடாகும், அதை ஆற்ற முன்னால் ஒரு இன்டர்கூலர். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். கிரில்லுக்குப் பின்னால் இடமில்லை.

"எல்லாம் பண்ணிரலாம்க்கா" என்றார். "டாட்டா சூப்பர் ஏஸ் எஞ்சின் போட்டா இன்னும் சுலபம். அதுவும் டர்போ, அதுவும் நெடுக்கு, பின்சக்கரம்தான் தள்ளும். மாங்கா லோடு அடிக்கிற வண்டி எஞ்சின், சாவாது. ஆனா நிக்கிறது எப்படி?"

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்னால் லீஃப் ஸ்பிரிங். மணிக்கு 60-ல் போகும் பெரியப்பாவை நிறுத்துவதற்குச் செய்தது. எஞ்சினை மாற்றினால் பிரேக் மாற்ற வேண்டும், பிரேக்குக்காக முன் அச்சு, இழுவிசை தாங்க ஹௌசிங், கிரவுன். அந்த அதிர்ச்சி தாங்க, ஐம்பது வருடம் மழை கண்ட அடித்தகடு.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயமாக இருந்தது. ஒரு வாக்கியத்தில் ஒரு வினைச்சொல்லை மாற்றினால் வேற்றுமை உருபு மாறும். அதைச் சரி செய்தால் அடுத்த வாக்கியத்தின் எழுவாய் தொங்கும். அதை இழுத்துக் கட்டினால் பத்தியே வேறாகிவிடும். கடைசியில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது மூல ஆசிரியர் எழுதியதாக இருக்காது. அதில் தவறில்லை, தழுவல் என்று அட்டையில் போட்டுக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு என்று போடக்கூடாது, அவ்வளவுதான்.

மெக்கானிக் கடைசியாக ஒன்று கேட்டார். "இது அவசரமா அக்கா?"

தம்பி முந்திக்கொண்டான். "அவசரம் ஒண்ணுமில்லண்ணா, ஆறு மாசம்கூட எடுத்துக்குங்க."

அவர் கேட்டது அதுவல்ல. தமிழில் அவசரம் என்றால் பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இது தேவையா என்று கேட்டார். சென்னையில் வளர்ந்த தம்பிக்கு அது கால அளவாகக் கேட்டது. எங்கள் ஊரில் இந்த ஒரு சொல் தினம் இரண்டு அர்த்தத்தில் நடமாடுகிறது. எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துப் புரிந்துகொள்வோம். அன்று ஷெட்டில் நின்றபடி நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தம்பி பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் அதை உறுதி செய்தது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். எஞ்சினை மாற்றுவதானால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பெட்ரோல் காருக்குள் வேறு கம்பெனி டர்போ டீசல் என்று மனு போட்டால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடத் தயங்குவார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கதவும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேசி, பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருந்தால் 'வின்டேஜ்' என்று பதியலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். எங்கள் காருக்கு வயது தகுதி உண்டு. எஞ்சினைத் தொட்டால் அந்தத் தகுதி போய்விடும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் எடுத்துப் போகலாமே தவிர, அன்றாடம் ஓட்ட முடியாது.

இதைப் படித்துச் சொன்னபோதுதான் பெரியம்மா முதல்முறையாக நீளமாகப் பேசினார். "கண்காட்சிக்கு வைக்கவா உங்க பெரியப்பா வாங்கினார்? கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகணும். அதுக்கு ஓடினாப் போதும்."

ஆக, எங்கள் முன்னால் மூன்று வழி. டர்போ வைத்தால் சட்டவிரோதம். வின்டேஜ் ஆக்கினால் அலங்காரப் பொம்மை. சும்மா விட்டால் துரு. நாலாவது வழி ஒன்றுதான்: சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, இருக்கும் எஞ்சினையே உயிர்ப்பிப்பது. 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022-ல் 5,000 ரூபாயாக்கினார்கள். 20 வயது தாண்டியதற்கு 2025-ல் அது 10,000 ஆனது. பழையதை வைத்திருப்பவர்கள் பணம் கட்டட்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். எங்களுக்கு அதில் புகார் இல்லை.

எஞ்சினைப் பிரித்தார்கள். ஏற்கெனவே கடைசி அளவு வரை ரீபோர் செய்திருந்தது தெரிந்தது. இனிக் கடைய இரும்பு இல்லை. எனவே ஸ்லீவ் அடித்துப் பழைய 68 மில்லிமீட்டருக்கே கொண்டுவந்தார்கள். ஜியாகோஸா 1937-ல் போட்ட அளவு நகரியில் ஒரு லேத் பட்டறையில் திரும்பவும் பிறந்தது. பிஸ்டனும் வால்வும் புதுப்பேட்டையிலிருந்து தம்பியே தேடி வாங்கி வந்தான். டர்போ தேடிப் போன அதே தெருக்கள்.

எதிர்பாராத ஒரு தொல்லை பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது மெல்ல அரிக்கும். எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றினார்கள். எங்கள் பக்கம் கரும்பு விளையும் பூமி. எத்தனாலுக்குக் கரும்பும் போகிறது. எங்கள் வயலே சுற்றிக்கொண்டு வந்து எங்கள் கார்புரேட்டரை அரிக்கப் பார்க்கிறது என்று பெரியம்மா சிரித்தார்.

மொத்தச் செலவு 80 ஆயிரத்தைத் தாண்டியது. தம்பி போட்ட டர்போ கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அவன் இன்னும் சமாதானமாகவில்லை. அவன் சொல்வதில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "உதிரி பாகம் கிடைக்கிற வரைக்கும்தான் இது அக்கா. அந்த மெக்கானிக்குக்கு அறுபது வயசு. அவருக்கு அப்புறம் யாரு கார்புரேட்டரைத் தொடுவாங்க? டர்போ எஞ்சினுக்கு முப்பது வருஷத்துக்கு ஆள் இருப்பாங்க." உண்மைதான். படிக்கத் தெரிந்தவர்கள் தீர்ந்துபோனால் எந்த மூலமும் ஓலைக்கட்டுதான். தழுவலாகவாவது உயிரோடு இருப்பது மேல் என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் தொழிலில் பாதிப்பேர் அப்படித்தான் சோறு தின்கிறோம்.

என் முடிவு வேறு ஒரு காரணத்தால். தழுவல் செய்பவன் மூலத்தின் ஒரே பிரதியைக் கிழித்து அதன் மேல் எழுதக்கூடாது. வேறு தாளில் எழுதட்டும். தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். அவன் இப்போது தொண்ணூறுகளின் பத்மினி ஒன்று, பதிவு ரத்தாகித் துருப்பிடித்த கூடாக, எங்காவது கிடைக்குமா என்று தேடுகிறான். அதில் சூப்பர் ஏஸ் எஞ்சின் வைத்து, டிஸ்க் பிரேக் போட்டு, தெருவுக்கு வராமல் ஏதாவது பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுவானாம். நகரி மெக்கானிக் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் அவர் அதே கேள்வியைக் கேட்டாராம். இந்த முறை தம்பி சரியாகப் புரிந்துகொண்டு, "அவசரமில்லண்ணா, ஆசை" என்றானாம். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.